கத்தாத வீடு

வெண்கரட்டு வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஐந்து ஆண்டுகளாக ஒருவருக்கும் காயம் படவில்லை. வாயில் வளைவின் மேல் பெரிய பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போகிறவர்களில் சிலருக்கு விரல் நுனி இல்லை. சிலருக்கு முழங்கைத் தோல் வேறு நிறமாக இருந்தது. அவர்களும் தினந்தோறும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நிறுவனத்தின் கணக்கில் காயம் என்றால் வலி. வலி பதிவாகாத இடத்தில் காயம் எப்படி இருக்கும்?

எல்லாம் பட்டை வந்த பிறகு ஏற்பட்ட ஒழுங்கு. இரண்டு விரல் அகலத்தில், பிடரியோடு ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை அது. கேட்டில் நுழையும்போது எடுத்து மாட்ட வேண்டும், வெளியேறும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே அது இயங்காது. மாட்டியிருக்கும்வரை தொட்டால் தெரியும், சூடு தெரியும், வலி மட்டும் தெரியாது. கழற்றிய பிறகு, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில், அன்றைக்கு உடம்பு வாங்கியதெல்லாம் மொத்தமாக வந்து சேரும்.

அதனால் வெண்கரட்டில் புதிதாக ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வேலை முடிந்து வருகிற ஆளை வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்துவார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, கத்திரிக்காயில் புழு பார்ப்பதைப் போல, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வலி வருவதற்கு முன்னால் காயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி பிழைத்தது போல.

அரவை ஆலையின் மேஸ்திரி சென்றாயனுக்குப் பட்டை மீது மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை. பட்டை இல்லாத காலத்திலேயே அவர் வீட்டு ஆண்கள் வலிக்கிறது என்று வாய் திறந்தவர்கள் அல்லர். வெடி வைத்தபோது பாதத்தை இழந்த அவருடைய அப்பா, தூக்க வந்தவர்களிடம் குரல் பிசகாமல் தண்ணீர் கேட்டார் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் எப்படி நிமிர்ந்து நடக்க வேண்டுமோ அப்படித்தான் சென்றாயன் நடந்தார். அறுபதை நெருங்கிய வயதிலும் அவருடைய முதுகில் வளைவில்லை.

அந்த முதுகில்தான் இப்போது ஊர் கல்லெறிந்தது.

அவருடைய ஒரே மகள் மாதேஸ்வரி, பெல்ட்டில் ஓடிவரும் கல்லிலிருந்து மட்டமான கல்லைப் பொறுக்கிப் போடும் வேலையில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை, வழக்கம்போல் கையுறையோடு வீட்டுக்கு வந்தாள். வலது கை உறை மட்டும் கழலவில்லை. தூள் ஏறி இறுகியிருக்கும் என்று நினைத்து அவள் அம்மா அலமேலு கத்தரிக்கோலால் வெட்டினாள். பாதி வெட்டும்போதே அலமேலுவின் கை நின்றுவிட்டது. உள்ளே மூன்று விரல்கள் விரல்களாக இல்லை. அப்போதுதான் மாதேஸ்வரிக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள்.

சென்றாயன் மேலாளர் ரகுநாத்தின் அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்று பேசினார்.

"பதிவைப் பார்த்துட்டேன் மேஸ்திரி. அன்னைக்கு முழுக்க உங்க பொண்ணோட பட்டையில வலியே இல்ல. சுத்தமா இருக்கு. அப்படின்னா கேட்டைத் தாண்டின பிறகு பட்ட அடி. வீட்டுல பட்டது."

"வீட்டுல எப்படிங்க மூணு விரலு நசுங்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? கதவு இடுக்குல மாட்டியிருக்கலாம். யாராச்சும் கோவத்துல ஏதாச்சும்..." ரகுநாத் கையை விரித்தார். "குடும்ப விஷயம். நாங்க தலையிட மாட்டோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேணும்னா உதவி பண்றோம்."

"உங்க உதவி வேண்டாம். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கங்க."

ரகுநாத் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலைக்குள் அந்த வார்த்தை ரேஷன் கடை வரிசைக்குப் போய்ச் சேர்ந்து கைகால் முளைத்துக்கொண்டது. மேஸ்திரி மகள் யாரையோ விரும்பினாளாம். தெரிந்ததும் அப்பன் அவள் கையை அம்மிக் குழவியால் நசுக்கினானாம். மானஸ்தன் வீட்டில் வேறென்ன நடக்கும் என்று சிரித்தார்களாம்.

விரல் போனதை விதி என்று அவர் தாங்கியிருப்பார். பெற்ற மகளின் கையை நசுக்கியவன் என்ற பெயரோடு அவரால் ஒரு நாள்கூடத் தெருவில் நடக்க முடியாது. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் போய்ப் புகார் கொடுத்தார். விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

ஆனால் விசாரணையில் எதைக் காட்டுவது? அதற்கு வழி சொன்னவர் யூசுப் பாய். பழுதான பட்டைகளைச் சரிசெய்கிறவர், சென்றாயனின் வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார்.

"மேஸ்திரி, பட்டை வலியை அழிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது அழிக்கிறதில்ல. பஸ்ஸுல போற பசங்க வெளிச்சத்தம் கேக்காம இருக்கக் காதுல ஒண்ணை மாட்டிக்கிறாங்களே, பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டானுங்க."

"அதேதான். வெளியில வர்ற சத்தத்துக்கு நேர் எதிர்ச்சத்தம் ஒண்ணைப் போட்டு ரெண்டையும் மோத விடுது. நமக்கு அமைதியா இருக்கு. பட்டையும் அப்படித்தான். வலிக்கு எதிர்வலி. ரெண்டும் அடிச்சுக்கிட்டு மிச்சம் என்ன இருக்கோ, அதைத்தான் கம்பெனி பதிவுன்னு காட்டுது. மிச்சம் எப்பவும் பூஜ்யம்தான்."

சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார். "எதிர்ச்சத்தம் போடணும்னா முதல்ல அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கணுமே?"

"அல்லா! அதைத்தான் சொல்ல வந்தேன். பட்டைக்கு எல்லாம் தெரியும். அடுத்த ஆளு வேலைக்கு மாட்டுற வரைக்கும் உள்ளேயே வச்சிருக்கும், மாட்டி வேலை தொடங்கினதும் அழிச்சிரும். மாதுவோட பட்டை கொக்கி உடைஞ்சு என் மேசைக்கு வந்துச்சு. இன்னும் ஒருத்தரும் மாட்டல."

"அப்ப அதைப் படிச்சுக் காட்டு."

"மெஷின்ல போட்டா வெறும் கோடு கோடா வரும். இரைச்சல்னு சொல்லிருவானுங்க. ஆனா பின்னுக்கு ஓட்டி, ஒரு ஆள் கழுத்துல மாட்டினா பதிவு அழியாது, அந்த ஆளுக்கு வலி தெரியும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. வலி மட்டும்தான்."

"வலி மட்டும்தானா?" என்றார் சென்றாயன். "அப்ப அது நம்ம வீட்டு வேலை."

விசாரணை, அரவை ஆலையை ஒட்டிய கேன்டீன் கூடத்தில் காலை வேலை தொடங்கும் முன் நடந்தது. அதிகாரி திலகவதி நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். யூசுப் பாய் சொன்னதைக் கேட்டார். ரகுநாத், "அது வெறும் இரைச்சல் மேடம், வலி கிடையாது" என்றதையும் கேட்டார்.

"வலிச்சாதான் காயம்ங்கிறது உங்க விதி. அப்ப யாராச்சும் மாட்டிப் பார்க்கட்டும். வலிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிரும். யார் மாட்டிக்கிறீங்க?" என்றார் திலகவதி.

அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சென்றாயன் எழுந்துவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். யூசுப் பாய் பட்டையை மாட்டித் திரையைப் பார்த்து ஓட்டினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வலது கையில் மூன்று விரல்கள் இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவே போயின. மெதுவாகப் போயின. எலும்பு ஒவ்வொன்றாக உடைவது தோள்வரை ஏறியது. தொண்டைக்குள் ஒரு சத்தம் முட்டிக்கொண்டு எழுந்தது. வாழ்நாள் முழுதும் பழகிய தாடை அதை அங்கேயே நிறுத்திவிட்டது. அவர் எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடியே இருந்தார். கண் கலங்கவில்லை. கை தொடையை விட்டு நகரவில்லை.

யூசுப் பாய் கழற்றினார்.

"வலிச்சுதா?" என்று திலகவதி கேட்டார்.

சென்றாயன் உதட்டை அழுத்திக்கொண்டார். வாயைத் திறந்தால் அந்தச் சத்தம் வெளியே வந்துவிடும். அது கீழே இறங்கும்வரை காத்திருந்து, பிறகு, "வலிச்சுது" என்றார். நலம் விசாரித்தவருக்குச் சொன்ன பதிலைப் போல இருந்தது.

ரகுநாத் சிரித்தே விட்டார். "நாங்களும் பார்த்தோம் மேடம். கொசு கடிச்ச மாதிரிகூடத் தெரியல. பெத்த அப்பா, வலிச்சுதுன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாரு?"

திலகவதிக்கும் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. "உறவில்லாத ஆள் யாராச்சும் மாட்டணும். கம்பெனியும் ஒத்துக்கிற ஆளா இருக்கணும்."

"இந்த ஆலையில எல்லாரும் மேஸ்திரி ஆளுங்கதான்" என்றார் ரகுநாத். பிறகு ஏதோ நினைவு வந்து அவர் முகம் மலர்ந்தது. "ஒருத்தரைத் தவிர. எடைமேடை பொன்னுரங்கம். அவர் வந்து வலிக்குதுன்னு சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்."

கூடத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்கரட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. பட்டை வருவதற்கு முன், கல் சுடும் சூளையின் வாயில் பொன்னுரங்கத்தின் மேல் தீ பாய்ந்தது. அவர் போட்ட கூச்சல் ஊர்க்கோடிவரை கேட்டது. அப்போது அவர் மகனுக்கும் மாதேஸ்வரிக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அந்த வாரமே சென்றாயன் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார். அனுப்பியதோடு விடாமல், கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவே, "பொம்பள மாதிரி கத்துனவன் வீட்டுல என் பொண்ணு வாழாது" என்றும் சொல்லிவிட்டார். அதன் பிறகு இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்ததுகூட இல்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல பார்ப்போம்" என்று திலகவதி எழுந்துகொண்டார்.

மாலையில் வீட்டில் மாதேஸ்வரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்தது முழுவதும் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஏம்ப்பா கத்தல நீங்க?"

"கத்துனா நம்ம வீட்டு மானம் என்னம்மா ஆகும்?"

"இப்ப மட்டும் என்ன வாழுதுங்களாம்? ரேஷன் கடையில என் கையைப் பார்த்துட்டு உங்க பேரைச் சொல்றாங்க." அவள் குரல் உடையவில்லை. அவளும் அந்த வீட்டுப் பெண்தான். "எனக்காவது கழுத்துல பட்டை இருந்துச்சு, கத்தல. உங்களுக்கு என்ன கேடுப்பா?"

அலமேலு, "ஏய், அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?" என்றாள். ஆனால் மகளுக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தாள்.

சென்றாயன் வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார். கோயிலுக்குப் போவது போல் அதைச் செய்தார். பிறகு எடைமேடைக்கு நடந்தார்.

லாரி ஒன்று எடை ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் பொன்னுரங்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். சுரங்கத்திலேயே பட்டை மாட்ட மறுத்த ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் இயந்திரம் ஏதுமில்லாத இந்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். கழுத்திலிருந்து காதுவரை தோல் சுருங்கியிருந்தது.

"என்ன மேஸ்திரி, வழி தப்பி வந்துட்டியா? ஊர்ச்சாவடி அந்தப் பக்கம்."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"நான் கத்துற ஆளாச்சே. காது வலிக்கப் போவுது, தள்ளி நில்லு."

லாரி நகர்ந்து போகட்டும் என்று சென்றாயன் ஒதுங்கி நின்றார். இந்த மனிதன் முன்னால் குனிவதைவிட அந்தப் பட்டையை இன்னொரு முறை மாட்டிக்கொள்வது அவருக்கு எளிது. ஆனால் மகளின் பெயரைக் காப்பது தம்முடைய கழுத்தைவிடப் பெரியது என்று அவர் தெருவிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். முடிவு செய்த பிறகு தயங்குவது அவர் பழக்கமில்லை.

"பொன்னுரங்கம், மாதுவோட பட்டையை நீ மாட்டணும். நான் மாட்டினேன். கத்த வரல எனக்கு."

"வராது. உங்க பரம்பரைக்கே வராது." பொன்னுரங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்குக் கோயில் வாசல்ல சொன்னியே, அதை இப்ப ஒருக்கா சொல்லு. காதுல கேக்கணும்."

"சொல்ல மாட்டேன். தப்பான பேச்சு அது." சென்றாயன் அவரை நேராகப் பார்த்தார். "நீ கத்துனதாலதான் அன்னைக்குச் சூளையை அணைச்சாங்க. இல்லேன்னா உள்ள நின்ன மத்தவங்களும் போயிருப்பாங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

பொன்னுரங்கம் எடைக்காட்டியின் பக்கம் திரும்பினார். அதில் ஒன்றுமில்லை, பூஜ்யம்தான் எரிந்தது.

"வர்றேன். உனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக. ஆனா ஒண்ணு. வலிக்கலேன்னா வலிக்கலேன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றார் சென்றாயன்.

மறுநாள் மதியம் கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்து அரவை ஆலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. சென்றாயன் வேலையில் பாதியில் எழுந்து வந்ததால் கழுத்தில் தம் பட்டையோடு, தூளில் வெளுத்து நின்றார். மாதேஸ்வரி அலமேலுவின் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்து, "யூசுப் பாய், பார்த்து மாட்டு, புது ஆளு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "காலையில இருந்தே ஓட்டு. முழுசாப் பார்ப்போம்" என்றார்.

யூசுப் பாய் வேலை தொடங்கிய நேரத்திலிருந்து வேகமாக ஓட்டினார். திரையில் நேரம் ஓடுவதைத் திலகவதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்பு" என்றார் பொன்னுரங்கம் மெல்ல. "இடுப்பு விட்டுப் போவுது. ஏம்மா மாது, காலையில இருந்தே இப்படியா நிக்கிற? கண்ணுல தூள் வேற. முட்டி... அப்பப்பா, இந்த முட்டியை வச்சுக்கிட்டா..."

மாதேஸ்வரி தலைகுனிந்தாள். தன்னுடைய இடுப்பு வலிக்கிறது என்பதை அவள் இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

திரையில் மதியத்துக்கு முந்தைய நேரம் வந்தது. யூசுப் பாய் வேகத்தைக் குறைத்தார்.

பொன்னுரங்கம் நாற்காலியோடு எழுந்துவிட்டார். அவர் வாயிலிருந்து வந்தது வார்த்தை அல்ல. கூரைத்தகடு அதிர்ந்தது. வலது கையை இடது கையால் மார்போடு அழுத்திக்கொண்டு, "அம்மா! அம்மாடி! நிறுத்துங்கடா! பெல்ட்டை நிறுத்துங்கடா!" என்று அலறினார்.

அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. பக்கத்து ஆலையின் இரைச்சல் தடுமாறி, இறங்கி, முழுவதுமாக நின்றுபோனது.

பட்டை வராத காலத்தில், ஆலைக்குள் யாராவது அலறினால் யார் எவர் என்று கேட்காமல் பக்கத்தில் நிற்கிறவர் பெல்ட்டின் கயிற்றை இழுத்துவிடுவார். அதற்கு உத்தரவு தேவையில்லை. ஐந்து ஆண்டுகளாக அந்த ஆலைக்குள் ஒருவரும் அலறவில்லை. கயிறு தூள் படிந்து கிடந்தது. ஆனால் கேட்டவர்களின் கை மறக்கவில்லை.

கயிற்றை இழுத்த கோசலை கூடத்தின் வாசலுக்கு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆலையே வந்தது. "யாருக்கு அடி? யாருக்குங்க அடி?"

யூசுப் பாய் பட்டையைக் கழற்றியிருந்தார். பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்து தம்முடைய முழு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தக் கையோடயா கல்லு பொறுக்கின நீ?" என்று மாதேஸ்வரியிடம் கேட்டார். அவருக்குக் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை.

திலகவதி எழுந்து நின்றார். "வேலை நேரத்துல, வேலை இடத்துல பட்ட காயம். வீட்டுல யாரும் ஒண்ணும் செய்யல. இதுதான் என் முடிவு. நீங்க சொன்ன ஆளு, நீங்க ஒத்துக்கிட்ட சாட்சி" என்று ரகுநாத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி வீட்டின் பெயர் அந்த நொடியில் துலங்கிவிட்டது. அத்தனை பேரும் கேட்டார்கள். வந்த காரியம் முடிந்தது. சென்றாயன் மகளைக் கூட்டிக்கொண்டு நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பெல்ட்டை எவன் நிறுத்தினது?" ரகுநாத் வாசலை நோக்கிக் கத்தினார். "போங்க எல்லாரும். மேஸ்திரி, ஓட்டச் சொல்லுங்க!"

ஆலை முழுவதும் சென்றாயனைப் பார்த்தது. ஓட்டு என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். தூளில் வெளுத்த முகங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தம் பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைக் கழற்றி, மேசைமேல் வைத்தார்.

"பெல்ட் ஓடாது" என்றார். "எல்லாரும் பட்டையைக் கழட்டுங்க. கையுறையையும் கழட்டுங்க. கையைப் பாருங்க, காலைப் பாருங்க. எங்கேயாச்சும் வலிச்சா வாயை மூடிக்கிட்டு நிக்காதீங்க. சத்தம் போடுங்க. ஆபீசர் அம்மா பார்க்குறாங்க, எழுதிக்கட்டும்."

"எப்படிங்க மேஸ்திரி போடறது? பழக்கம் விட்டுப் போச்சே" என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

"இங்க உக்காந்திருக்கானே, இவன்கிட்டக் கேட்டுக்க."

சிரிப்பு எழுந்து அடங்கியது. கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எல்லோரும் காத்திருந்தார்கள். முதலில் கோசலைதான், "ஸ்ஸ்" என்று காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். அடுத்து ஒருவன் தோளைப் பற்றி, "ஐயோ" என்றான், சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குரல்கள் கேட்கத் தொடங்கின. திலகவதி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ரகுநாத் யாரையோ போனில் கூப்பிட்டபடி வெளியே போனார்.

சென்றாயனுக்கு இடது பாதத்தில் தொடங்கியது. காலையில் ஏதோ கல் உருண்டு பூட்ஸில் தட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது அது கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. தாடை தானாக இறுகியது. முன்னால் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பொன்னுரங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பொன்னுரங்கம், வலிக்குதுடா. இந்த பூட்ஸைக் கொஞ்சம் கழட்டு."

பொன்னுரங்கம் முட்டி போட்டு நாடாவை அவிழ்த்தார். உள்ளே ஈரமாக இருந்தது. அவர் சென்றாயனின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தணும்னா கத்திக்க மேஸ்திரி. இங்க ஒருத்தனும் சிரிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, குதிகாலைப் பிடித்து இழுத்தார்.

சென்றாயன் கத்தினார்.